ஒப்புக்கொள்ளக் கூடாது என்னும் நிபந்தனை

வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தின் பின்பக்கம், பூதக்கண்ணாடிக்காரர்களுக்கென்றே அச்சிட்டது போன்ற எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விபத்து நேர்ந்தால், நிறுவனத்தின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. யாருக்கும் எதுவும் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. பணமும் கொடுக்கக் கூடாது. நான் அதைப் படித்தவன். பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்தவன். பங்குனி மாதத்தில் ஒரு காலை, அருள்புரத்தில், அந்த விதி என் வாய்க்குப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கருவூலத்தில் வேலை பார்த்தேன். பிற அலுவலகங்கள் அனுப்பும் பட்டியல்களில் குறை கண்டு திருப்பி அனுப்புவது என் பணி. ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்ப எனக்கு எதுவும் வருவதில்லை. ஆகவே வருகிற காகிதங்களை முழுக்கப் படிக்கிறேன். மின்கட்டண ரசீதின் பின்பக்கம்கூட எனக்கு மனப்பாடம். எழுபத்திரண்டு வயதில் இது தியானத்துக்குச் சமம் என்று மருத்துவர் ஒருவர் சொன்னார். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கச் சான்று தந்தவரும் அவர்தான். என் கண்ணை நிமிர்ந்து பார்க்காமலே என் கண்பார்வைக்குக் கையெழுத்துப் போட்டார்.

காருக்குப் பன்னிரண்டு வயது. மாசியில் காப்பீட்டைப் புதுப்பிக்க முகவர் வந்தார். பகலில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், மாலையில் காப்பீடு. அவர் ஒரே மூச்சில் சொன்னது: "வண்டிக்குப் பன்னெண்டு வருசமாச்சு, உங்களுக்கும் வயசாச்சு, எதுக்குங்கய்யா ஃபுல் கவர்? தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுக்கலாமுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். நாம் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கு அது போதும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குச் சொந்தச் சேதக் காப்பீடு வேண்டும்; அதற்குத் தனிக் கட்டணம். ஆனால் நிறுவனம் ஆண்டுதோறும் வண்டியின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருகிறது. முழுக்க நொறுங்கினாலும் அந்தக் குறைந்த மதிப்புதான் கிடைக்கும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களை மாற்றினால் பாதி விலை நம் தலையில். தேய்மானத்தைக் கழிக்காமல் முழு விலையும் தருகிற கூடுதல் காப்பு ஒன்று உண்டு. அது இளம் வண்டிகளுக்கு மட்டும். என் வயதுக்காக நிறுவனம் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வண்டியின் வயதைத்தான் பார்த்தார்கள். என்னைப் பற்றி அவர்கள் விசாரிக்கவே இல்லை.

நான் முழுக் காப்பீடே எடுத்தேன். காரணம் எளிது. பல ஆண்டுகளாக இழப்பீடு கோராததால் சொந்தச் சேதக் கட்டணத்தில் பாதி எனக்குத் தள்ளுபடி. ஒருமுறை விட்டுவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓட்டுகிற உரிமையாளருக்கான விபத்துக் காப்பையும் சேர்த்தேன். ஒவ்வொரு சேதத்திலும் முதல் சில ஆயிரங்களை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் கட்டணம் இன்னும் குறையும் என்றார் முகவர். அதை மட்டும் மறுத்தேன். முதல் ஆயிரங்களைத் தாமே ஏற்றுக்கொள்கிறவர்களைக் கருவூலத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் அது திரும்பக் கிடைத்ததில்லை.

என் மகளுக்கு இது பிடிக்கவில்லை. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். வெளிநாட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பகலெல்லாம் பதில் எழுதிவிட்டு, மாலையில் என்னைக் கேள்வி கேட்க வருவாள். அவளுடைய யோசனை காப்பீட்டைப் பற்றியதே அல்ல. வண்டியை விற்றுவிட வேண்டும். அம்மாவை வாரம் இரண்டு நாள் பல்லடத்துக்கு அழைத்துப் போக வாடகைக் கார் போதும். என் மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பல்லடத்தில் பயிற்சி கொடுக்கிறார்கள். மகள் சொன்னதற்கெல்லாம் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: இத்தனை ஆண்டில் ஒரு கீறலும் இல்லை. அதற்கு அத்தாட்சி, நிறுவனமே தந்திருக்கும் தள்ளுபடி.

வண்டி ஓட்டுவதில் எனக்கு ஒழுங்குகள் உண்டு. எங்கள் வீதி குறுகல். இடப்பக்கம் மதில் சுவரை ஒட்டித்தான் நிறுத்துவேன். வலப்பக்கம் துணி உருளைகள் ஏற்றிய வண்டிகள் விடிய விடிய உரசிக்கொண்டு போகும் என்பதால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை மடக்கிவிடுவேன். திங்கட்கிழமை டயர் காற்று. மாதப் பிறப்பில் எண்ணெய். வண்டிக்குள் ஒரு குறிப்பேடு. அதில் ஓடிய கிலோமீட்டர். மகள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். அவளுடைய கம்பெனியில் இதற்கே மூன்று பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.

அந்தப் பங்குனிக் காலையில் பல்லடம் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். மனைவி முன்னிருக்கையில் இடப்பக்கம். அருள்புரத்தில் சாலை வேலை நடந்ததால் வலப்பக்கம் ஒரு சந்தில் திரும்பிப் போனால் நெரிசலைத் தவிர்க்கலாம். திரும்பும் பக்கத்து விளக்கைப் போட்டேன். வேகத்தைக் குறைத்தேன். திரும்பினேன். அதே நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சரக்கு ஆட்டோ வலப்பக்கமாக முந்த வந்து, என் வண்டியின் பின் கதவிலிருந்து முன் மூலை வரை நெடுக ஒரு கோடு இழுத்துக்கொண்டு நின்றது. வெட்டிய துணிக்கட்டுகள் இரண்டு சாலையில் விழுந்தன. ஆட்டோவின் முன்விளக்கு உடைந்தது. ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

இந்த ஊரில் இப்படி நடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எந்தச் சட்டத்திலும் அதை எழுதி வைக்கவில்லை. ஒருவர் இறங்கி, "தப்பு என்னுதுங்க" என்பார். மற்றவர், "அட இல்லீங்க, நானுந்தான் பாத்து வந்திருக்கோணும்" என்பார். முதலாமவர் விடமாட்டார். இருவரும் மாறி மாறிக் குற்றத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். மூன்றாவது சுற்றில் யாராவது டீ சொல்வார்கள். பிறகு அவரவர் சேதத்தை அவரவர் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். இதில் முதலில் ஒப்புக்கொள்கிறவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. எதிராளி அதை ஏற்கவே மாட்டார் என்பதுதான் இதன் அடிப்படை.

நான் முதலில் நாற்புறமும் படம் எடுத்தேன். வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பே எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. முன்னால் நான்கு, பக்கவாட்டில் ஆறு, எண் பலகைகள் தனியாக. அதன் பிறகு ஆட்டோக்காரரிடம் போனேன். நாற்பது வயதிருக்கும். துணிக்கட்டுகளைத் தூக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"தப்பு என்னுதுங்க. நாந்தான் பாத்துத் திரும்பியிருக்கோணும்."

அவர் கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் தெற்கத்திக்காரர். வேலைக்காக இங்கே வந்து ஆறு வருடம்தான் ஆகிறது என்று பிறகு சொன்னார்.

"சரி அண்ணாச்சி. நீங்களே ஒத்துக்கிட்டிய, அப்புறம் என்ன பேச்சு. லைட்டை மட்டும் மாத்திக் குடுத்திருங்க."

நான் சற்று நேரம் காத்திருந்தேன். அடுத்த வரி வரவில்லை. சாலை வேலைக்காரர்களும் பக்கத்துத் தையல் கம்பெனியிலிருந்து வந்த நாலைந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. சொன்னதைத் திரும்ப வாங்குவது அநாகரிகம். விளக்குக்கும் முழங்கைக்கும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு கொடுத்தேன். அவர் மரியாதையாகக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அந்தச் சிறிய எழுத்து நிபந்தனையின் பகுதிகளான ஒப்புக்கொள்ளுதல், வாக்குக் கொடுத்தல், பணம் கொடுத்தல் ஆகிய மூன்றையும் ஐந்து நிமிடத்துக்குள் மீறியிருந்தேன். மனைவி வண்டிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே மகள் வந்துவிட்டாள். பழுதுபார்க்கும் செலவு என் சலுகையின் மதிப்பைவிட அதிகம் என்று கணக்குப் போட்டு, இழப்பீடு கோரப் போவதாகச் சொன்னேன். அவள் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள். பின்னால் வந்த ஆட்டோ உங்களுக்குத் தெரியவே இல்லையா என்று. அது முந்தக்கூடாத இடத்தில் முந்தியது என்றேன். அவள் கேட்டது அதுவல்ல என்று அவளுக்கும் எனக்கும் தெரியும்.

"சரீங்கப்பா, ஒண்ணு பண்ணலாம். சேதத்தப் பாக்க இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வருவாரல்லங்க, அவர் ரிப்போர்ட்டுதான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். உங்க மேல தப்பில்லைன்னு வந்தா நான் வண்டியப் பத்தி வாயே திறக்க மாட்டேன். தப்பு உங்களுதுன்னு வந்தா சாவி எங்கிட்ட வந்துரோணும். ஃபெயில்னா ஃபெயில்தான், பேச்சுவார்த்தை கெடையாது."

நான் சம்மதித்தேன். எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தேன். அவள் தேவையில்லை என்றாள். காகிதத்தில் நடக்கிற வழக்கில் நான் தோற்றதில்லை.

இழப்பீட்டுப் படிவத்தில் 'விபத்து நேர்ந்த விதம்' என்று ஒரு கட்டம். விரலளவு இடம். நான் தனித்தாள் இணைத்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எங்கே திரும்பினேன், எப்போது விளக்குப் போட்டேன், ஆட்டோக்காரரிடம் என்ன சொன்னேன், எவ்வளவு கொடுத்தேன், இந்தப் பகுதியில் அப்படிச் சொல்வது குற்றத்தை ஏற்பதாகாது, வெறும் மரியாதை என்பது உட்பட. படங்கள் அனைத்தையும் வரிசை எண் இட்டு இணைத்தேன்.

முகவர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஐயா, நின்னுட்டிருந்தேன், வந்து இடிச்சுட்டாங்கன்னு ரெண்டு வரி எழுதுனா முடிஞ்சுதுங்க. எல்லாரும் அப்படித்தானுங்க எழுதறாங்க. நீங்களே எதுக்குங்க அவங்களுக்கு எடுத்துக் குடுக்கறீங்க?"

எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளுக்குத்தான் விபத்துகளே நடக்கின்றன. நான் தாள்களைத் திரும்பப் பெறவில்லை.

சர்வேயர் பணிமனைக்கு வந்து வண்டியைப் பார்த்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். கோட்டை அளந்தார், கதவைத் திறந்து மூடினார், என் படங்களின் அசலைத் தன் தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். நல்ல படங்கள் என்று சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சித்திரையில் பதில் வந்தது. இரண்டு வரி. பொறுப்பை ஒப்புக்கொண்டதும் பணம் கொடுத்ததும் பாலிசி நிபந்தனையை மீறியவை என்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. சர்வேயர் அறிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மகள், இது ஃபெயிலா பாஸா என்று கேட்டாள். இது இரண்டும் இல்லை, இது சோம்பேறித்தனம் என்றேன்.

ஓய்வுக்குப் பிறகு நான் அனுபவித்த மிக நல்ல வாரம் அதுதான். மூன்று பக்க முறையீடு எழுதினேன். அந்த நிபந்தனை மூன்றாம் நபர் கோரிக்கைகளில் நிறுவனத்தின் எதிர்வாதத்தைக் காப்பதற்கானது. சொந்தச் சேதக் கோரிக்கைக்கு அது குறுக்கே வராது. சொந்தச் சேதக் காப்பு என்பது தவறு யாருடையது என்று பார்த்துக் கொடுப்பதல்ல. என் வண்டி சேதமடைந்தால் கொடுப்பது. ஆட்டோக்காரர் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. என் மரியாதையால் உங்களுக்கு நேர்ந்த நட்டம் என்ன என்று விளக்கவும். கடைசிப் பத்தியில், சர்வேயர் அறிக்கையின் நகலைப் பெறுவது பாலிசிதாரரின் உரிமை என்பதை நினைவூட்டி, அதையும் இணைத்து அனுப்பும்படி கேட்டேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு நகல். அவர்கள் பதில் தராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கான விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்து, தேதி மட்டும் போடாமல் மேசையில் வைத்துக்கொண்டேன்.

வைகாசி போனது. ஆனி போனது. இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன். வண்டி பணிமனையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. நிறுவனம் ஒரு முடிவு சொல்லும்வரை கை வைக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மனைவி வாடகைக் காரில் பல்லடம் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஓட்டுநர். திரும்பி வந்து அவர்களைப் பற்றிச் சொல்வாள். ஒருவர் ஒடிசாக்காரர், தமிழ் சுத்தமாகப் பேசுகிறார். இன்னொருவரின் மகள் நர்சிங் படிக்கிறாள். என்னுடன் போகும்போது இவ்வளவு பேச்சு இருந்ததாக எனக்கு நினைவில்லை. நான் ஓட்டும்போது பேசக்கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தேன்.

ஆடி பிறந்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள். கொமரலிங்கம் அவளுடைய ஊர். ஆடிப் பதினெட்டுக்கு அமராவதிக் கரைக்குப் போவது, கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் விடாதது. கார் வந்த பிறகு காரில். இந்த வருடம் எப்படி என்று கேட்டாள். அதற்குள் பதில் வந்துவிடும், பணிமனைக்காரர் இரண்டு நாளில் முடித்துவிடுவார், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் சரிங்க என்றாள். பிறகு மகளிடம் தொலைபேசியில் வெகுநேரம் பேசினாள்.

பதினெட்டு அன்று காலை மகள் தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். கட்டுச்சோற்றுப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கூரியர்க்காரர் வந்தார். தடித்த உறை. வாசலில் நின்றபடியே பிரித்தேன்.

என் முறையீடு ஏற்கப்பட்டிருந்தது. நிபந்தனையைப் பற்றிய என் விளக்கம் சரியே என்று, வேறு சொற்களில், எழுதியிருந்தார்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி, உலோகத்துக்குத் தேய்மானம் கழித்து மீதி, விதிப்படியான கழிவு, நிகரத் தொகை இவ்வளவு. கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அரசாங்கத்தில்கூட இவ்வளவு சுத்தமான கழிவுக் கணக்கை நான் பார்த்ததில்லை.

"பாஸ்" என்றேன் மகளிடம். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

பின்னால் சர்வேயர் அறிக்கையின் நகல். நான் கேட்டிருந்தபடியே. விபத்தின் காரணம் என்ற தலைப்பில் ஐந்து வரி. பாலிசிதாரர் அனுப்பிய ஏழாம் எண் படத்தில், சேதக் கோடு பின் கதவிலிருந்து முன் மூலை வரை இடைவெளியின்றிச் செல்கிறது. ஆனால் வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. கண்ணாடி மடங்கிய நிலையில் உள்ளது. விரிந்திருந்தால் உடைந்திருக்கும். ஆகவே மோதும்போது அது மடங்கியே இருந்திருக்க வேண்டும். பின்னால் வரும் வாகனத்தைக் கவனிக்காமல் ஓட்டுநர் வலப்பக்கம் திரும்பியிருக்கிறார். எனினும் இது இழப்பீட்டைப் பாதிக்காது.

மகள் என் தோளுக்கு மேலாகப் படித்து முடித்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். ஆட்டோ முந்தியது தவறுதான், அப்படி வாதிடச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் என் மனம் வேறொன்றைக் கணக்குப் போட்டது. வீட்டிலிருந்து அருள்புரம் வரை, சிக்னல்களும் பேருந்துகளும் தாண்டி, அவ்வளவு தூரம் ஓட்டியிருக்கிறேன். கண்ணாடி மடங்கியிருக்கிறது என்று தெரிய, ஒரே ஒருமுறை வலப்பக்கம் பார்த்திருந்தால் போதும். அருள்புரத்தில் மரியாதைக்காகச் சொன்னதாக நான் ஒன்றரைப் பக்கம் எழுதிய வாக்கியம் உண்மையாகவே இருந்திருக்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அந்தத் தெற்கத்திக்காரர் ஒருவர்தான்.

மனைவியிடம் அறிக்கையைப் படித்துக் காட்டினேன். அவள் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏற்கெனவே பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணாடி மடங்கித்தானுங்க இருந்துச்சு. நானு பஸ் ஸ்டாண்டு தாண்டும்போதே பாத்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஓட்டறப்ப பேசக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லியிருக்கறீங்க."

பணிமனைக்காரரிடம் ஒரு சாவி இருந்தது. மற்றொன்று என் மேசை இழுப்பறையில். உள்ளே போய் அதை எடுத்துவந்து மகளின் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை. வண்டியைச் சரிசெய்து விற்றுவிடலாம், அதுவரை காப்பீடு தொடரட்டும், விற்கும்போது பெயர் மாற்றத்தை உடனே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கான கடிதத்தை நான் எழுதிவிடுகிறேன் என்றேன். சரீங்கப்பா என்றாள்.

பிறகு உறையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். தேதி போடாமல் வைத்திருந்த குறைதீர்ப்பாளர் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். வருகிற ஒவ்வொரு காகிதத்தின் வலது மேல் மூலையிலும் வரவு நாள் எழுதுவது முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம். வெளியே மகள் ஹாரன் அடித்தாள். நாள்காட்டியை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினேன்: ஆடி பதினெட்டு.